பத்மாஸினியின் மூன்று விரல்

பத்மாஸினி மாமியை நான் ஏறக்குறையக் கொன்றேவிட்டேன். கத்தியாலோ விஷத்தாலோ அல்ல, வாயால். விஞ்ஞானத்தை அரைகுறையாகப் படித்தவனுக்கு வாய் மட்டும் முழுசாக இருக்கும். அப்படி ஒரு வாய் எனக்கு எண்பத்தாறாம் வருஷத்தில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் திறப்பதற்கு முன்னால் மாமியின் முகம் ஞாபகம் வந்துவிடுவதால் பாதி நாள் மூடியே வைத்திருக்கிறேன். இதை என் மனைவி நம்ப மாட்டாள்.

மாமி மைசூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்கூடத்து உதவியாளர். நான் அதே நிலையத்தில் பட்டத்துக்காக வருஷக்கணக்காகத் தவம் கிடந்த மாணவன். பெயர் சாம்பமூர்த்தி, எல்லாருக்கும் சாம்பு. அப்பா ரயில்வே உத்தியோகத்தில் மைசூருக்கு வந்து, திரும்பிப் போக மறந்தவர். மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் நிலையத்து ரப்பர் முத்திரை மட்டும் இன்னும் பழைய பெயரையே குத்திக்கொண்டிருந்தது. அங்கே யாரும் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாமி மேல்கோட்டைக்காரி. அவள் அப்பா நாமக்கட்டி செய்து விற்றவர். வெள்ளை மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, பிசைந்து உருட்டிக் காயவைப்பார்கள். உருட்டும்போது ஒரு மணல் துகள் தங்கிவிட்டாலும் இட்டுக்கொள்கிறவர் நெற்றியில் கீறிவிடும். அதனால் ஒவ்வொரு உருண்டையையும் தடவிப் பார்த்து மணலைப் பொறுக்கி எடுப்பது வீட்டுப் பெண்களின் வேலை. ஐந்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை மாமி அதைத்தான் செய்தாள். ஊரெல்லாம் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு போனதற்கு அவளுடைய வலது கையின் மூன்று விரல்கள் காரணம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பெருமாளுக்குத்தான் நன்றி சொல்லியிருப்பார்கள்.

பதினெட்டு வயதில் மைசூருக்கு வந்தாள். புருஷன் நம்பிக்கு ஊதுவத்திக் கம்பெனியில் வாசனை பார்த்துச் சொல்லும் வேலை. நல்ல வேலைதான். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷம் போனது, மூக்கும் அதோடு போனது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவரைக் கம்பெனி எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? வீட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அப்புறம் பேப்பர் படிப்பதையே உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். வீட்டில் குழந்தையும் இல்லை, வருமானமும் இல்லை. மாமி எலிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

உறவுக்காரர்கள் குதித்தார்கள். வைஷ்ணவ வீட்டுப் பெண் எலியைத் தொடுவதா? பிள்ளையார் வாகனம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் அவர்களுக்கு வழியில்லை; அவர்கள் பெருமாளுக்கு வாகனம் கருடன், அது எலியைப் பார்த்தால் முழுங்கிவிடும். கல்யாண வீடுகளில் மாமிக்குப் பந்தியின் ஓரத்தில் தனியாக இலை போட்டார்கள். அவள் சளைக்கவில்லை. "ஓரத்துல உக்காந்தா பரிமாறறவன் திரும்பற எடம், ரெண்டு தடவை பாயசம் விழும்" என்பாள்.

இனி எங்கள் ஆராய்ச்சி. தலையின் நடுவில் பீனியல் என்று நெல்மணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. இருட்டினால் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் நிறுத்திவிடும். மெலடோனின் நிறைய ஊறினால் மார்புப் புற்றுநோய் குறையுமோ என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் பேராசிரியர் கேசவமூர்த்திக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பெண் எலிகளை இரண்டு பிரிவாக்கினோம். எல்லாவற்றுக்கும் மார்புக் கட்டியை உண்டாக்கும் ஒரு ரசாயனத்தைக் கொடுத்தோம். ஒரு பிரிவு வெளிச்ச அறையில். அங்கே ஆறு டியூப்லைட் இருபத்துநாலு மணி நேரமும் எரியும். இன்னொரு பிரிவு இருட்டறையில். ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, பகலில் சில மணி நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் கும்மிருட்டு. எந்த அறையில் கட்டி அதிகம் வருகிறது, எதில் குறைவு? இவ்வளவுதான் கேள்வி.

கட்டி வந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? தொட்டுத்தான். எலிக்கு மார்புக் காம்புகள் ஆறு ஜோடி, கழுத்திலிருந்து தொடைவரை. புதன்கிழமைதோறும் ஒவ்வொரு எலியையும் மல்லாத்திப் பிடித்து, தோலுக்கு அடியில் தடவிப் பார்க்க வேண்டும். நான் தடவினால் எலி கடித்தது. பேராசிரியர் தடவினால் எல்லாமே கட்டியாகத் தெரிந்தது, விலா எலும்பு உட்பட. மாமி தடவினால் எலி கண்ணை மூடிக்கொண்டது. நாங்கள் கண்டுபிடிப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவாள்: "பன்னெண்டாம் நம்பர், எடது பக்கம் மூணாவது, கடுகு."

அதுதான் அவள் அளவுகோல். கடுகு, மிளகு, துவரை, பட்டாணி, சுண்டைக்காய், நெல்லிக்காய். பேராசிரியர் முதலில் பதறிவிட்டார். விஞ்ஞானம் என்ன சமையலறையா என்று கத்தி, அளவுக் கருவியைக் கொண்டுவந்து, மாமி சொல்லச் சொல்ல அளந்து பார்த்தார். அவளுடைய கடுகு எப்போதும் இரண்டு மில்லிமீட்டர். மிளகு நாலு, துவரை ஆறு, பட்டாணி எட்டு. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. மாமி கன்னட எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் கடுகு மிளகு என்று எழுதுவாள், நான் மில்லிமீட்டராக மாற்றுவேன். எங்கள் அளவுகளின் துல்லியத்தை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று பாராட்டியபோது நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன்.

எண்பத்தாறு தசராவில் வந்தது வினை.

ஆயுத பூஜைக்கு நிலையத்துக்கு விடுமுறை. நான் நஞ்சன்கூட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். எலிகளுக்குத் தீனி போட மாமியிடம் சாவி இருந்தது. மைசூரில் ஆயுத பூஜை அன்றைக்குக் கத்தரிக்கோல் முதல் பஸ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். மாமி வெளிச்ச அறைக்குப் போனாள். ஆறு டியூப்லைட்டும் ஜூன் மாதத்திலிருந்து ஒரு நிமிஷம்கூட அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. பாவம், அதுகளும் ஆயுதம்தானே என்று அணைத்து, ஸ்விட்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அடுத்து இருட்டறை. பண்டிகை நாளில் ஒரு அறையை இருட்டாகப் போடலாமா? பெரிய குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, ஐந்து முகமும் ஏற்றினாள். விஜயதசமி அன்றைக்கும் வந்து எண்ணெய் ஊற்றினாள். நெய்யும் கொஞ்சம் விட்டாளாம். எலிகளின் பெயர்ச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்ததில் பாதி எண்கள் காணாமல் போயின.

மூன்றாம் நாள் காலை நான் வந்து கதவைத் திறந்தேன். வெளிச்ச எலிகள் இருட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இருட்டு எலிகள் குத்துவிளக்கைப் பார்த்தபடி முழித்துக்கொண்டிருந்தன. நாலு மாத வேலை நாசம். ஒரு சுண்டல் பொட்டலம் என் மேஜைமேல் இருந்தது.

பேராசிரியர் கொதித்தார், ஆனால் வாயைத் திறந்து திட்ட அவருக்கு யோக்கியதை இல்லை. முந்தாநாள்தான் தன் ஃபியட் காருக்கு நான்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசணிக்காய் உடைத்திருந்தார். அதனால் திட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"மாமி, உங்களுக்குப் புத்தி இருக்கா? இருட்டுல விளக்கேத்தினா எல்லாம் போச்சே!"

"விளக்கேத்தினா என்னடா போகும்? விளக்கேத்தினா நல்லதுதானே?"

இதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். பரிசோதனை என்றால் இப்படி, மாற்றினால் கெட்டுவிடும், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. இனிமேல் ஜென்மத்துக்கும் அவள் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்து, பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "இருட்டுன்னா சும்மா இல்லை, மாமி. அதுதான் மருந்து. இருட்டுல தலைக்குள்ள ஒரு ரசம் ஊறும். அது ரத்தத்துல கலந்து மாருக்கு வந்து, கட்டியைக் கரைச்சுடும். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டா ரசம் நின்னுடும். நீங்க விளக்கு ஏத்தலை, மருந்தைக் கீழே கொட்டிட்டேள்."

கரைச்சுடும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தை. வராமல் தடுக்கலாம், வருவதைத் தாமதப்படுத்தலாம் என்றுதான் அவர்களே தயங்கித் தயங்கி எழுதியிருந்தார்கள். அதுவும் எலிக்கு. பேச்சு ஓட்டத்தில் நான் நாலு படி மேலே போய்விட்டேன்.

"ஹௌதா?" என்றாள் மாமி. நிஜமா என்று அர்த்தம். கண்கள் பெரிதாகியிருந்தன.

"ஹௌது" என்றேன், அழுத்தி.

புது எலிகள் வாங்கி மறுபடி ஆரம்பித்தோம். மாமி இருட்டறையை இந்தத் தடவை கர்ப்பகிருகம் மாதிரிக் காத்தாள். கதவிடுக்கில் துணி செருகினாள். பேராசிரியரே உள்ளே போக வேண்டுமானால் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும், அதில் முள் மினுங்குகிறதாம். சித்திரையில் கட்டிகள் வர ஆரம்பித்தன. வெளிச்ச அறையில் முப்பது எலிக்கு இருபத்துநாலு. இருட்டறையில் முப்பதுக்குப் பதினொன்று, அதுவும் தாமதமாக. நான் ஆனந்தக் கூத்தாடினேன். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது.

ஆடி மாதம், இங்கே ஆஷாடம் என்பார்கள், மாமி கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"சாம்பு, மனுஷாளுக்கும் அந்த ரசம் ஊறுமோ?"

"ஊறும்."

"எத்தனை நாழி இருட்டு வேணும்?"

"பன்னெண்டு மணி நேரம் இருந்தா நன்னா ஊறும்."

"அகல் வெளிச்சம் பட்டா?"

"நின்னுடும்."

"தெரு விளக்கு?"

"அதுவும்தான்."

எல்லாவற்றுக்கும் நிமிராமலேயே பதில் சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து பார்த்திருக்கலாம். வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த முட்டாள் பயலை இப்போது நினைத்தாலும் இழுத்து வைத்து அறையலாம் போலிருக்கிறது.

அதே சமயத்தில் ஸ்டோரில் கறுப்புக் காகிதச் சுருள் மூன்று காணாமல் போயின. பக்கத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரன்மேல் எனக்குச் சந்தேகம்.

எண்பத்தேழு தசராவுக்கு நாலு நாள் இருக்கும்போது, மின்வாரியத்து லைன்மேன் பசவராஜ் பேராசிரியர் அறைக்குள் புயலாக நுழைந்தான். "நிம்ம மேடம் கல்லு ஹொடெதரு, ஸார்! பதினாலு பல்பு!" என்று கத்தினான். விஷயம் இதுதான். அக்ரஹாரத்தில் மாமி குடியிருந்த சந்தில் தசரா அலங்காரத்துக்காக சீரியல் விளக்கு கட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் மாலை விளக்குப் போட்டதும் மாமி வெளியே வந்து, புடவைத் தலைப்பில் கட்டி வைத்திருந்த கற்களை எடுத்து, ஒவ்வொரு பல்பாக அடித்திருக்கிறாள். குறி தப்பவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் பசவராஜ் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது. இரண்டு மாதமாக அந்தச் சந்து முனையில் தெரு விளக்கு மாற்ற மாற்ற உடைந்துகொண்டிருந்த மர்மமும் அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியிருக்கிறது.

"நீ போய்ப் பாரு. பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கப் போறது" என்றார் பேராசிரியர்.

ஆறரை மணிக்குப் போனேன். ஊரே தசராவுக்காக ஜொலித்துக்கொண்டிருந்தது. மாமி வீட்டு ஜன்னல்கள் மட்டும் கறுப்பாக இருந்தன. கதவைத் தட்டியதும் ஒரு கை வெளியே வந்து, என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தியது. உள்ளே எனக்கு என் கையே தெரியவில்லை. தடவியபோது சுவரில் வழவழவென்று ஏதோ பட்டது. எங்கள் கறுப்புக் காகிதம். போட்டோ ஸ்டூடியோக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"யாரு, சாம்புவா?" என்று ஒரு மூலையிலிருந்து நம்பி மாமாவின் குரல். "பாத்து வா. நான் அவல் உப்புமா சாப்பிட்டிண்டு இருக்கேன். தட்டு எங்கேயோ கீழே இருக்கு."

"மாமி, என்ன கூத்து இது?"

"மெள்ளப் பேசு. விடிகாலை ஆறரை வரைக்கும் இப்படித்தான். ரெண்டரை மாசமா நடக்கறது."

"எதுக்கு?"

நம்பி மாமாதான் சொன்னார்: "கண்ணுக்கு நல்லதாம். கேள்வி கேக்காதேன்னுட்டா. நானும் கேக்கலை. எனக்கு மூக்குதான் இல்லைன்னு பாத்தா இப்போ கண்ணும் இல்லை."

"சும்னே இருங்கோ" என்று அவரை அடக்கினாள் மாமி. பிறகு என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குரல் கிட்டத்தில் கேட்டது. அது வழக்கமான குரல். புதன்கிழமைக் குரல்.

"எடது பக்கம், வெளி ஓரம், மேலே. ஆஷாடத்துல மிளகு. இப்போ துவரை தாண்டியாச்சு."

எந்த எலி என்று கேட்க வாயெடுத்தேன். எடுத்த பிறகுதான் புரிந்தது.

"டாக்டர்கிட்டக் காட்டினேளா?"

"எதுக்கு? நீதானே சொன்னே, இருட்டுல கரைஞ்சுடும்னு. காத்திண்டு இருக்கேன். இந்தத் தெரு வெளிச்சம்தான் உள்ளே வந்து வந்து கெடுக்கறது. இல்லேன்னா இத்தனை நாள் கடுகாயிருக்கும்."

"மாமி, நான் சொன்னது பொய்."

"ஹௌதா?" என்றாள். போன தடவை கேட்ட அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை அதில் நம்பிக்கை இல்லை. "இப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு இப்படிச் சொல்றே. கத்தி கித்தி எல்லாம் எனக்குப் பேடா, வேண்டாம். அன்னிக்கு நீ சத்தியம் பண்ற மாதிரி சொன்னே. பொய் சொல்ற மூஞ்சி இல்லை அது."

அதுதான் என் துரதிருஷ்டம். உளறும்போது எனக்குச் சத்தியவான் முகம், உண்மையைச் சொல்லும்போது திருட்டு முழி. இருட்டில் அந்த முழிகூட அவளுக்குத் தெரியவில்லை. கெஞ்சினேன். காலில் விழுகிறேன் என்றேன். விழுந்தால் உப்புமாவில் விழுவாய் என்றாள். என் பேச்சை அவள் கேட்கப் போவதில்லை. வேறு யார் பேச்சைக் கேட்பாள்? யோசித்தேன். ஒரே ஒரு ஆள்தான் இருந்தது.

"மாமி, இருட்டறை, நாலாம் நம்பர். முதல்ல என்ன பார்த்தேள்?"

"இப்போ எதுக்கு அது?"

"சொல்லுங்கோ."

"கடுகு. சித்ரா பௌர்ணமிக்கு அடுத்த வாரம்."

"அப்புறம்?"

"மிளகு. வைகாசி கடைசியில துவரை."

"போன புதன்கிழமை?"

"பட்டாணி."

"ஒன்பதாம் நம்பர்?"

"கடுகு. மிளகு. மூணு வாரம் மிளகாவே நின்னுது. அப்புறம் துவரை."

"பதினேழு?"

"மிளகு. துவரை. சுண்டைக்காய்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா சாம்பு, பத்தொன்பது எலிக்கு வரவே இல்லையே. வெளிச்ச ரூம்ல ஆறுக்குத்தானே வரலை? இருட்டுல ஏதோ இருக்குதானே?"

"இருக்கு, மாமி. வராம இருக்க அது துணை. எலிக்கு. வந்ததை அது என்ன பண்றதுன்னு உங்க விரலுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கோ. பதினெட்டு?"

அவள் சொன்னாள். இருபது சொன்னாள். இருபத்தொன்று சொன்னாள். நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினோரு எலியையும் அவள் வாராவாரம் கையில் ஏந்தியிருக்கிறாள். கடுகு மிளகாயிற்று, மிளகு துவரையாயிற்று. சிலது நின்று நின்று வளர்ந்தது, மெதுவாக வளர்ந்தது. திரும்பிச் சின்னதானது என்று ஒன்றுகூட இல்லை. கடைசி எலி இருபத்தெட்டாம் நம்பர். "துவரை" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் போகவில்லை.

"ஒண்ணாவது கரைஞ்சுதா, மாமி?"

"இல்லை" என்றாள். "ஒண்ணுகூட இல்லை." பிறகு, சின்னப் பெண் மாதிரி, "எனக்குத் தெரியும், சாம்பு. தொட்டுத் தொட்டுப் பாத்தவதானே நான். எனக்கு பயமா இருந்தது" என்றாள்.

மூலையில் தட்டு உருண்டது. நம்பி மாமா எழுந்துவிட்டார். இருட்டில் எதிலோ மோதிக்கொண்டு, ஜன்னலைத் தடவிக் கண்டுபிடித்து, கறுப்புக் காகிதத்தைப் பற்றி ஒரே இழுப்பாகக் கிழித்தார். பசவராஜ் மாற்றிவிட்டுப் போன புது பல்புகளின் வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாக உள்ளே விழுந்தது. வேட்டியெல்லாம் அவல் உப்புமா. அந்த மனிதர் இரண்டரை மாதம் ஏன் என்று கேட்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர். "ஏண்டி, என்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த காகிதத்தையும் கிழித்துக்கொண்டே அழுதார். மாமி அழவில்லை. ஆறரை மணிக்குமேல் வெளிச்சத்தைப் பார்த்து நாளாகிவிட்டதால் கண் கூச உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. பெரிய சர்ஜன், பெரிய மீசை. திரைக்கு இந்தப் பக்கம் நம்பி மாமாவும் நானும் நின்றோம். சர்ஜன் இரண்டு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே, மனப் பிரமை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள் என்று கன்னடத்தில் ஆசீர்வாதம் செய்தார். அப்புறம் மாமியின் குரல் கேட்டது, அதுவும் கன்னடத்தில்: "கையைக் கொடுங்க டாக்டர். அங்கே இல்லை. இன்னும் மேலே. நுனி விரலால குத்தக் கூடாது, பரப்பி வைக்கணும். அழுத்தாதீங்க, ஓடிடும். வட்டமா. ம். இப்போ?"

பிறகு சர்ஜன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். "எங்கேம்மா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் குரலில் மீசை இல்லை.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அந்தக் காலத்து வழக்கப்படி இடது பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். கட்டி ஏழு மில்லிமீட்டர் என்று அறிக்கை வந்தது. துவரைக்கும் பட்டாணிக்கும் நடுவில். அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை. இன்னும் ஒரு தசராவுக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தால் பரவியிருக்கும் என்று சர்ஜன் என்னிடம் சொன்னார். யார் உட்கார வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிலையத்துக்குத் திரும்பி, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அழுது தீர்த்தேன்.

மாமி தை மாதம் வேலைக்குத் திரும்பினாள். "எடது பக்கம் பாரம் குறைஞ்சு போனதுல நடக்கறச்சே வலது பக்கம் இழுக்கறது, மத்தபடி ஒண்ணும் இல்லை" என்றாள். நிலையத்துப் பெண்களெல்லாம் மாதம் ஒரு தடவை ஸ்டோருக்குப் பின்னால் அவளிடம் வரிசையில் நின்றார்கள். பேராசிரியர் மனைவி காரில் வந்து நின்றாள். என் ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுத்தார்கள். எலிகளின் கதை சரி. மனுஷிக்கு இருட்டு எவ்வளவு துணை என்று இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் வாயைக் கொடுப்பதில்லை. மாமி அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தாள். நம்பி மாமாவை அனுப்பிவிட்டு, எழுபதைத் தாண்டி, தூக்கத்தில் போனாள். கட்டியால் அல்ல.

ஆனால் எனக்கு மாமி என்றால் எண்பத்தெட்டு ஆயுத பூஜைதான். அன்றைக்கு நான் நஞ்சன்கூட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே வந்துவிட்டேன். மாமி வராந்தாவில் ஒரு பலகை போட்டு, தராசு, அளவுக் கருவி, நோட்டுப் புத்தகம், தீனி அள்ளும் கரண்டி எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தாள். வெளிச்ச அறையில் ஆறு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. இருட்டறைக் கதவின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு. குத்துவிளக்கு வராந்தாவின் அந்தக் கோடியில், கதவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. பண்டிகை என்றால் வடை என்ற அளவில்தான் எனக்குப் பக்தி. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"முக்கியமான ஆயுதத்தை விட்டுட்டேளே, மாமி."

"எதை?"

வலது கையை நீட்டச் சொன்னேன். ஒன்றும் புரியாமல் நீட்டினாள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றின் நுனியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் வழிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல ஒரு வருஷமாக வைத்திருந்த வார்த்தை அப்போதும் வாயில் வரவில்லை. இந்த வாய் வேண்டாத நேரத்தில்தான் திறக்கும்.

மாமி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆயித்தா?" என்றாள். "சரி, இப்போ தண்ணி ஊத்து. சந்தனக் கையோட தொட்டா உன் எலியெல்லாம் கெட்டுப்போகும்."

"இன்னிக்கு ஆயுதத்துக்கு ஓய்வு, மாமி."

"இன்னிக்குப் புதன்கிழமை" என்றாள்.

சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். மூன்று விரலையும் தேய்த்துக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருட்டறைக்குள் போய், கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகிக்கொண்டாள். நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஒண்ணாம் நம்பர். ஒண்ணும் இல்லை. எழுதிக்கோ."